விற்பனைக்கு வரும் பழைய அமெரிக்கக் கார்: "ஒரிஜினல் இல்லை" என்று தள்ளிவிடலாமா?



அன்பின் ஊரவர்களே, பழைய மாணவர்களே,

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பழைய அமெரிக்கக் கார் விற்பனைக்கு என்ற விளம்பரம் இடைக்கிடை எங்கள் எல்லோருடைய தொலைபேசிக்கும் வந்து சேர்கிறது. நீண்ட போனட், அகன்ற பம்பர், சோபா போன்ற சீட். படத்தின் கீழே சில வரிகள்: எஞ்சின் மாற்றப்பட்டது, டீசல். கியர்பெட்டி ஜப்பான். லைட் வேறு. சீட் புதிதாகத் தைத்தது. உடனே நம்மவர்கள் சிரிப்பார்கள். "பெயர்தான் அமெரிக்கா, உள்ளுக்குள்ள எல்லாம் வேற. ஒரிஜினல் இல்ல மச்சான்" என்று ஒருவர் எழுதுவார். அத்தோடு அந்தக் காரின் மதிப்பு பாதியாகிவிடும்.

நாம் சொல்ல வருவது இதற்கு எதிரான கருத்து. அந்தக் காரில் செய்த மாற்றங்களைக் குறைப் பட்டியலாக மட்டும் பார்க்கக் கூடாது. அவை இந்த நாட்டின் பொருளாதார வரலாற்றை இரும்பில் எழுதி வைத்த பட்டியல். வாசிக்கத் தெரிந்தால், ஒரு பாடப்புத்தகம் சொல்லாததையும் அது சொல்லும்.

முதலில், இந்தக் கார்கள் இங்கே எப்படி வந்தன?

ஆங்கிலேயர் ஆண்ட இலங்கையில் ஆங்கிலேயக் கார்கள் ஓடியதில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்கக் கார்கள் எப்படி இவ்வளவு வந்தன என்பதுதான் கேள்வி. அதற்கான விடையின் ஒரு பகுதி கனடாவில் இருக்கிறது. போர்ட் கம்பனியின் கனடாக் கிளை 1904ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பிரித்தானியா தவிர்ந்த ஏனைய பேரரசு நாடுகளுக்குக் கார் அனுப்பும் உரிமை அதனிடம் இருந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்கும் கனடாவின் ஒஷாவா நகரில் தொழிற்சாலை இருந்தது. 1932இல் ஒட்டாவா நகரில் நடந்த மாநாட்டில், பேரரசு நாடுகள் தமக்குள் வாங்கும் பொருட்களுக்கு வரிச் சலுகை கொடுப்பது என்று உடன்பட்டன. கனடாவில் செய்த கார் பேரரசுப் பொருளாகிவிட்டது. வடிவம் அமெரிக்கா, பிறப்புச் சான்றிதழ் கனடா, ஸ்டியரிங் வலது பக்கம். நமது வீதிகளுக்கு ஏற்றபடி அங்கேயே மாற்றித்தான் அனுப்பினார்கள்.

பெயரையும் மாற்றினார்கள். கிறைஸ்லர் கம்பனி வெளிநாட்டுச் சந்தைக்காக பிளிமத் காரையே எடுத்து, முகப்பையும் முத்திரையையும் மாற்றி, டி சோட்டோ டிப்ளோமட் என்றும் டொட்ஜ் கிங்ஸ்வே என்றும் விற்றது. அமெரிக்காவில் இருந்தவர்களுக்கே அந்தப் பெயர்கள் புதிதாக இருக்கும். ஆகவே "ஒரிஜினல்" என்று நாம் தேடும் அந்தக் கார், கப்பலில் ஏறும் முன்னரே ஒரு தடவை மாற்றப்பட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

உயர்தரக் கார்கள் என்றால் கடிலாக், பெக்கார்ட், லிங்கன், பெரிய பியூக், கிறைஸ்லர். கடிலாக் 1902இல் டெட்ரொய்ட் நகரில் தொடங்கிய கம்பனி. 1701இல் அந்த நகரத்துக்கு அடித்தளம் போட்ட பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. கையால் கைப்பிடி சுற்றி எஞ்சினை உசுப்பும் வேலையை ஒழித்து, மின்சார ஸ்டார்ட்டரை 1912 மாதிரியில் கொடுத்தவர்கள் இவர்கள்தான். 1948 மாதிரியில் பின்பக்கத்தில் சின்னச் செட்டை வைத்தார்கள். அது இரண்டாம் உலகப் போரில் பறந்த பி-38 விமானத்தின் வாலைப் பார்த்து வரைந்தது. அந்தச் செட்டை வளர்ந்து வளர்ந்து 1959இல் உச்சத்துக்குப் போனது. பணம், வெற்றி, வேகம் என்று போருக்குப் பிந்திய அமெரிக்கா தன்னைப் பற்றி நினைத்ததெல்லாம் அந்தத் தகரத்தில் தெரிந்தது.

எமது பக்கம் வருவோம். 1950இல் கொரியப் போர் தொடங்கியது. இறப்பர் விலை மேலே போனது, தேங்காய்ப் பொருட்களின் விலையும் ஏறியது. புத்தளம் மாவட்டம் தென்னை முக்கோணத்தின் ஒரு மூலை. தென்னந்தோட்டக்காரர்களின் கையில் காசு புழங்கிய காலம் அது. பெரிய கார் அந்தஸ்தின் அடையாளம்தான். ஆனால் அந்தஸ்து மட்டும் அல்ல. இந்தக் கார்களில் கியர்க் கம்பு ஸ்டியரிங்கோடு இருக்கும். முன் சீட் இடைவெளி இல்லாத ஒரே பலகை. முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், மடியில் பிள்ளைகள். கூட்டுக் குடும்பத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? உறுதியான செஸியும் உயரமான அடிப்பகுதியும் கிரவல் வீதிக்கும் மணல் வீதிக்கும் தாக்குப்பிடித்தன.

அடுத்தது இலக்கத் தகடு. பழைய கார் ஒன்றைப் பார்த்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று ஆங்கில எழுத்து இருந்தால் அது 1958க்கு முன் பதிந்த வாகனம். அந்த ஆண்டு ஜனவரி முதல் புதிய வாகனங்களுக்குச் சிங்கள "ஸ்ரீ" எழுத்து வந்தது. அதே மாதம்தான் தனியார் பஸ் கம்பனிகளை அரசு எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை உருவாக்கியது. ஸ்ரீ எழுத்துப் பஸ்கள் வடக்குக்குப் போனபோது தார் பூசும் போராட்டம் நடந்தது. பதிலுக்குத் தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம். ஒரு காரின் முன்னால் தொங்கும் சின்னத் தகரத் துண்டில் இவ்வளவும் இருக்கிறது. தகட்டை மாற்றிப் புது மாதிரி ஒன்றை ஆசைக்கு மாட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கொரியப் போர்க் காசு நீண்ட நாள் நிற்கவில்லை. 1950களின் கடைசியில் அந்நியச் செலாவணி கரையத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை சாதாரண மனிதனுக்குப் புதுக் கார் என்பது கனவு. இருந்ததை வைத்து ஓட்ட வேண்டிய காலம்.

அதே நேரத்தில் எண்ணெய் விடயமும் சேர்ந்துகொண்டது. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியை அரசு எடுத்தது. எஸ்ஸோவும் கல்டெக்ஸும் அமெரிக்கக் கம்பனிகள். நட்டஈடு தரவில்லை என்று சொல்லி 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. அமெரிக்கர்களின் சொத்தை எடுத்துவிட்டு நட்டஈடு தராத நாட்டுக்கு உதவி இல்லை என்ற புதிய அமெரிக்கச் சட்டப்பிரிவு முதன்முதலாகப் பாய்ந்தது எமது நாட்டின் மீதுதான். 1965இல் ஆட்சி மாறி நட்டஈடு பேசித் தீர்த்த பின்னரே உதவி திரும்பியது. எந்த அமெரிக்காவின் காரை எங்கள் முதலாளிமார் பெருமையாக ஓட்டினார்களோ, அந்த அமெரிக்காவோடு எண்ணெய்க்காகச் சண்டை. கார்களுக்கோ ஒரு கலன் பெற்றோலில் 15 மைல் போனாலே பெரிய காரியம்.

இதற்குப் பிறகு 1973 வந்தது. அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தின, உலகச் சந்தையில் விலை சில மாதங்களில் பல மடங்கானது. பெரிய வி-8 எஞ்சின் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வழிதான் இருந்தன. காரை கொட்டிலில் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் எஞ்சினை மாற்ற வேண்டும்.

மாற்றினார்கள். இங்கேதான் எங்கள் கராஜ் பாஸ்மாரின் வரலாறு தொடங்குகிறது.

இங்கிலாந்தின் பீற்றர்பரோ நகரில் 1932இல் தொடங்கிய பெர்கின்ஸ் கம்பனியின் டீசல் எஞ்சின்கள் தெற்காசியா முழுவதும் இந்த வேலைக்குப் பயன்பட்டன. மதராஸில் சிம்சன் கம்பனி 1950களில் பெர்கின்ஸ் எஞ்சினை அங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. அந்த சிம்சன் 1840இல் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய கம்பனி. ஒரு காலத்தில் பணக்காரர்களுக்கு அலங்கார வண்டி கட்டிக்கொடுத்தவர்கள், பின்னர் வாடகைக் கார்க்காரர்களின் வயிற்றைக் காக்கும் எஞ்சினைச் செய்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் காருக்கு "பிளசர்" என்றொரு பெயர் இருந்தது. உல்லாசப் பயணத்துக்கானது என்ற ஆங்கிலச் சொல்லின் மிச்சம் அது. உல்லாசம் போய் உழைப்பு வந்த பிறகும் பெயர் மட்டும் நின்றது.

எஞ்சின் மாற்றுவது என்றால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடுவது என்று நினைக்க வேண்டாம். ஒரு மாற்றம் நாலு மாற்றத்தை இழுத்துக்கொண்டு வரும். மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

பெற்றோல் எஞ்சின் காற்றை ஒரு தடுப்பு வழியாக உறிஞ்சும்போது உள்ளே ஒரு வெற்றிடம் உண்டாகும். அந்தக் கால அமெரிக்கக் கார்கள் பலவற்றில் வைப்பர் ஓடுவது அந்த வெற்றிடத்தால்தான். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் அதே வெற்றிடத்தையே நம்பியிருக்கும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அந்தத் தடுப்பு இல்லை, ஆகவே வெற்றிடமும் இல்லை. டீசல் போட்ட அன்றே வைப்பர் நின்றுவிடும், பிரேக் கல்லாகிவிடும். உடனே வேறு வாகனத்தின் மின்சார வைப்பர் மோட்டார் தேட வேண்டும், வெற்றிடத்துக்குத் தனியாக ஒரு பம்ப் பூட்ட வேண்டும். பழைய கார்களில் 6 வோல்ட் மின்சாரம். டீசலின் இறுக்கத்தைச் சுழற்ற அது காணாது. ஆகவே பற்றரி 12 வோல்ட், அதனோடு பல்ப், டைனமோ எல்லாம் மாறும். டீசல் எஞ்சின் பாரம் கூடியது, முன் ஸ்பிரிங் தாழ்ந்துவிடும். அதன் சுழற்சி குறைவு, பழைய டிபரென்சியலோடு கார் ஊர்ந்துதான் போகும், அதையும் மாற்ற வேண்டும். இவ்வளவையும் கொம்பனிப் புத்தகம் இல்லாமல், கையளவால், கண்ணளவால் செய்தார்கள். உடல் வேறு, செஸி வேறு என்று கட்டப்பட்ட கார்களாக இருந்ததால்தான் இது முடிந்தது.

உதிரிப்பாகம் கேட்டு எழுத முகவரியும் இருக்கவில்லை. ஹட்சன் பெயர் 1957இல் நின்றது. பெக்கார்ட் 1958இல் நின்றது. டி சோட்டோவை 1960 நவம்பரில் நிறுத்தினார்கள். ஸ்டுட்பேக்கர் 1966இல் முடிந்தது. தாய் இறந்த பிள்ளைகளை வளர்ப்பது போலத்தான் இந்தக் கார்களை வைத்திருந்தார்கள்.

எமது கரையோரத்துக்கு இன்னொரு எதிரியும் உண்டு: உப்புக் காற்று. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் களப்பு, இடையில் உப்பளங்கள். ஈரத்தில் உப்பு கரைந்தால் அந்த நீர் மின்னோட்டத்தை நன்றாகக் கடத்தும், இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். மழைக்கு எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்தை மூடிப் பாயும் கலா ஓயாவை எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட தண்ணீரிலும் சேற்றிலும் ஓடிய வாகனத்தின் அடித்தகடு எத்தனை வருடம் தாங்கும்? ஆகவே கரையோரத்தில் ஓடிய பழைய காரின் அடியில் புதுத் தகரம் ஒட்டியிருந்தால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. வெள்ளைக்காரன் ஊர்க் கொட்டிலில் தூங்காமல், உப்பு மண்ணில் உழைத்த வாகனம் அது என்பதற்கான சாட்சி.

இதே கதை உலகத்தின் மறுபக்கத்திலும் நடந்தது. கியூபாவில் 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா வர்த்தகத் தடை போட்டது. புதுக் கார் வரவில்லை. இருந்த செவர்லேயையும் பியூக்கையும் சோவியத் எஞ்சின் போட்டும், கிடைத்த டீசல் எஞ்சின் போட்டும் ஓட்டினார்கள். 2011ஆம் ஆண்டுவரை, புரட்சிக்கு முன்னர் நாட்டுக்குள் வந்த கார்களைத்தான் அங்கே மக்கள் தமக்குள் தாராளமாக வாங்கி விற்கலாம். இன்று அந்தக் கார்களைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் ஹவானாவுக்குப் போகிறார்கள். உள்ளே லாடா எஞ்சின் என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. அதுதான் கதையே என்று ரசிக்கிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் எங்கள் கை வேலை வெட்கமாகத் தெரிகிறது?

மாற்றங்களின் கதையில் கசப்பான பக்கமும் உண்டு. 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கிய பிறகு வடக்குக்கு எரிபொருள் போவது தடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உசுப்புவதற்கு மட்டும் ஒரு சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோல். எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய். புதுக் கார்கள் முடங்க, பழைய கார்கள்தான் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் ஓடின. அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் அதிகமானோர் விரட்டப்பட்டார்கள். மன்னார்ப் பக்கத்து மக்கள் படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் லொறி வைத்து, இரும்புக் கடை வைத்து வாழ்ந்தவர்கள் வெறுங்கையோடு புத்தளம் மண்ணுக்கு வந்தார்கள். வீட்டையும் கடையையும் நகையையும் போலவே வாகனங்களும் அங்கேயே நின்றன. ஒரு வாகனம் என்பது சிலருக்கு இரும்பு. சிலருக்கு, திரும்பிக் கிடைக்காத ஒரு வாழ்க்கை.

காரை மாற்றிக் கட்டுவது ஏழைகளின் வேலை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் அரசரின் கதை. 1945 பெப்ரவரியில் சவூதி மன்னர் அப்துல் அஸீஸ் இப்னு சஊத் எகிப்தில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டையும், பிறகு பிரித்தானியப் பிரதமர் சர்ச்சிலையும் சந்தித்தார். நடக்கச் சிரமப்பட்ட மன்னருக்கு ரூஸ்வெல்ட் தனது சக்கர நாற்காலி ஒன்றையே கொடுத்தார். சர்ச்சில் ஒரு கார் தருவதாகச் சொன்னார். மன்னருக்கென்றே அகன்ற இருக்கை வைத்துக் கட்டிய ரோல்ஸ் ரொய்ஸ் 1946இல் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஸ்டியரிங் வலது பக்கம். முன்னால் உட்கார விரும்பும் மன்னர் சாரதியின் இடது பக்கத்தில் இருக்க வேண்டிவரும். அது மரியாதைக் குறைவு என்று காரைத் தன் சகோதரருக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. எவ்வளவு விலை கொடுத்துக் கட்டினாலும், பாவிப்பவருக்குப் பொருந்தாத மாற்றம் பயனில்லை. எங்கள் பாஸ்மார் செய்த மாற்றம் அழகில் குறைந்தாலும் பாவிப்பவருக்குப் பொருந்தியது. அதனால்தான் அந்தக் கார்கள் ஓடின.

இது முடிந்துபோன கதையும் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவுகளைக் கழித்தோம். கியூ.ஆர். முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். 1960களில் பெரியவர்கள் பட்டதை எங்கள் பிள்ளைகளும் ஒரு தடவை பார்த்துவிட்டார்கள்.

இப்போது விற்பனை விடயத்துக்கு வருவோம்.

பழைய கார் வாங்குவோரில் ஒரு சாரார் அதை வாங்கியதும் செய்யும் முதல் வேலை, எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுத் தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோவது. அது அவரவர் உரிமை, அழகான கலையும்கூட. ஆனால் அப்படிச் செய்தால் கிடைப்பது டெட்ரொய்ட்டின் வரலாறு. அது அமெரிக்காவில் ஆயிரம் இடத்தில் இருக்கிறது. கழற்றி எறியப்படும் அந்த டீசல் எஞ்சினும் கையால் அடித்த தகரமும் இலங்கையின் வரலாறு. அது வேறு எங்கும் இல்லை. பழைய இரும்புக் கடைக்குப் போனால் திரும்பி வராது.

விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும் என்பது மார்க்கம் எங்களுக்குக் கற்றுத்தந்த வியாபார ஒழுங்கு. எஞ்சின் மாற்றியது, அடித்தகடு ஒட்டியது, பிரேக் மாற்றியது எல்லாவற்றையும் வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்த வேண்டும், மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். நாம் கேட்பது இன்னும் ஒரு படி மேலே: குறையைச் சொல்லும்போது அதன் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த ஆண்டு மாற்றினீர்கள்? ஏன் மாற்றினீர்கள்? எந்தக் கராஜ், எந்த பாஸ்? ஒரு கொப்பித் தாளில் எழுதி பதிவுப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுங்கள். வாங்குபவர் அதைக் குப்பையில் போட்டாலும் பரவாயில்லை, உங்களிடம் ஒரு படம் இருக்கட்டும்.

ஊரில் மூத்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். பழைய கார், லொறி, வேன் ஓட்டிய சாரதிகள் இருக்கிறார்கள். கராஜில் வேலை பழகியவர்கள் இருக்கிறார்கள். கல்யாணக் காரின் முன்னால் மாப்பிள்ளையும் தோழர்களும் நிற்கும் படங்கள் அலுமாரிகளில் இருக்கின்றன. அந்தப் படங்களில் மாப்பிள்ளையை மட்டும் பார்க்காமல், பின்னால் இருக்கும் இலக்கத் தகட்டையும் பாருங்கள். மாணவர்களே, விடுமுறையில் உங்கள் மூத்தவாப்பாமாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க முதல்ல ஏறின கார் எது? அதுல என்ன என்ன மாத்தியிருந்தாங்க?" சொல்வதை அப்படியே எழுதுங்கள். வரலாற்றுப் பாடத்தில் இதைவிடச் சிறந்த செயற்பாடு எங்களுக்குத் தெரியவில்லை.

படங்களும் கதைகளும் இருப்பவர்கள் பின்னூட்டத்தில் பகிருங்கள். தேதி, இடம் தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள். அடுத்த தடவை அப்படியொரு விளம்பரம் வந்தால், "ஒரிஜினல் இல்ல" என்று எழுதும் முன் "யார் மாத்தினது, எப்ப மாத்தினது?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.